ஊசி போடாமல் அனுப்பினால் அலட்சியமா?

செல்லப்பிராணி மருத்துவம்: வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

வீட்டு நாய்க்கும் பூனைக்கும் ஆன்டிபயாடிக் கொடுப்பது பற்றிய கேள்விகளை அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "எந்த மாத்திரை கொடுக்கலாம்?" என்றே கேட்கின்றன. பிராணியைத் தொட்டுப் பார்க்காமல் மருந்தின் பெயரையும் அளவையும் இங்கே எழுதிவிடுவது முறையாகாது. அதற்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு: இந்த நோய்க்குக் காரணம் பாக்டீரியாதானா? அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்த கடிதங்களைத் தேர்ந்தெடுத்துச் சுருக்கித் தந்திருக்கிறோம். எழுதியவர்களின் ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

கேள்வி: எங்கள் 3 வயது லேப்ரடார், கல்யாண வீட்டிலிருந்து வந்த பிரியாணி எலும்பையும் கொழுப்பையும் தின்றுவிட்டது. மறுநாள் தண்ணீராகக் கழிந்தது; சளியோடு லேசாக இரத்தமும் வந்தது. மருத்துவர் ஈறை அழுத்திப் பார்த்தார், கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், தடுப்பூசி அட்டையைக் கேட்டார். கடைசியில் ஊசியும் போடவில்லை, மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் எழுதவில்லை. பத்தியச் சாப்பாடும் ஒரு பொடியும் போதும் என்று அனுப்பிவிட்டார். முன்பு பார்த்த மருத்துவர் மெட்ரோனிடசோல் கொடுப்பார், இரண்டே நாளில் நின்றுவிடும். இது அலட்சியம் இல்லையா? (தாம்பரம் வாசகர்)

பதில்: அலட்சியமாக இருந்தவர் உங்கள் கடிதத்தில் உள்ள அந்த நான்கு காரியங்களையும் செய்திருக்க மாட்டார். ஈறை விரலால் அழுத்தி எடுத்ததும் வெளுத்த இடம் ஓரிரு நொடிகளில் மறுபடி சிவந்தால் இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது. கிள்ளிய தோல் உடனே படிந்துவிட்டால் உடலில் நீர் வற்றிப்போகவில்லை. வெப்பநிலை நாய்க்கு இயல்பான 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருந்தால் கிருமி இரத்தத்தில் பரவியிருக்கும் சந்தேகம் பெரிதும் குறைகிறது. அட்டையில் தடுப்பூசிகள் தவறாமல் போடப்பட்டிருந்தால் பார்வோ வைரஸின் மேல் உள்ள சந்தேகமும் பின்னால் போய்விடுகிறது. இவ்வளவையும் பார்த்த பிறகுதான் அவர் ஊசியைக் கையில் எடுக்காமல் விட்டிருக்கிறார்.

கொழுப்பும் மசாலாவும் கிளறிவிட்ட குடல், தேவையான நீரும் எளிதில் செரிக்கும் உணவும் கிடைத்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானே அடங்கிவிடும். முன்பு மெட்ரோனிடசோல் கொடுத்து இரண்டு நாளில் நின்றது என்கிறீர்கள். கொடுக்காமல் இருந்திருந்தாலும் ஏறக்குறைய அதே நாளில் நின்றிருக்கும். ஆனால் அந்த மருந்து வேறு ஒரு வேலையையும் செய்திருக்கும். குடலில் குடியிருந்து செரிமானத்துக்கு உதவும் நல்ல பாக்டீரியாக்களின் கூட்டத்தை அது கலைத்துவிடுகிறது. மருந்தை நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில் அந்தக் கூட்டம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஐரோப்பியக் கால்நடை மருத்துவர்களின் எனோவாட் கூட்டமைப்பு 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாய்களுக்குத் திடீரென வரும் லேசான, நடுத்தரமான வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. மலத்தில் இரத்தம் தெரிவது வீட்டாரைப் பதறவைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் இரத்தம் மட்டுமே ஆன்டிபயாடிக்குக்குக் காரணமாகிவிடாது.

நாய் சோர்ந்து படுத்துவிட்டால், காய்ச்சல் ஏறினால், ஈறு வெளுத்துப்போனால், வாந்தி நிற்காமல் போனால் கணக்கு மாறிவிடும். தடுப்பூசி போடாத குட்டிக்கு வரும் பார்வோ இதற்கு நல்ல உதாரணம். அது வைரஸ் நோய். ஆன்டிபயாடிக்கால் அந்த வைரஸை எதுவும் செய்ய முடியாது. ஆனாலும் நாங்கள் ஆன்டிபயாடிக் கொடுக்கிறோம். ஏனென்றால் அந்த வைரஸ் குடலின் உட்சுவரை அரித்துவிடுவதோடு எலும்பு மஜ்ஜையையும் தாக்கி வெள்ளணுக்களைக் குறைத்துவிடுகிறது. வேலி இடிந்து, காவலாளும் இல்லாத அந்த நிலையில் குடல் பாக்டீரியா இரத்தத்துக்குள் புகுந்துவிடும். அங்கே மருந்து யாரை எதிர்த்துக் கொடுக்கப்படுகிறது என்பது தெளிவாக இருக்கிறது. உங்கள் லேப்ரடாருக்கு அப்படி ஓர் எதிரி இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊசி போடாமல் கட்டணம் வாங்கினால் முகம் சுளிக்கிறவர்கள் இருப்பதால்தான் எங்களில் பலர் தேவையில்லாமல் ஊசி போடுகிறோம். ஆரம்ப காலத்தில் நானும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் நாய்க்கு ஒரு வாரமாக வறட்டு இருமல். தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் கத்திக் கத்தி இருமுகிறது. மற்றபடி ஓடுகிறது, சாப்பிடுகிறது. என் மகனுக்கு வாங்கி மீந்த அமாக்சிசிலின்-கிளாவுலானிக் 625 மாத்திரை வீட்டில் இருந்தது. பாதி பாதியாக இரண்டு நாள் கொடுத்தேன். மனிதருக்கும் நாய்க்கும் ஒரே மருந்துதானே? (சேலம் வாசகி)

பதில்: மருந்து ஒன்றுதான், அதனால்தான் கவலை. உங்கள் மகனின் நெஞ்சுச் சளிக்கு நாளை தேவைப்படக்கூடிய அதே மருந்தை, தேவையே இல்லாத ஓர் இருமலுக்குச் செலவிட்டிருக்கிறீர்கள்.

நாய் விடுதியில் விட்டு வந்த பிறகோ பூங்காவில் மற்ற நாய்களோடு பழகிய பிறகோ வரும் இத்தகைய இருமலில் பெரும்பங்கு வைரஸ்களுக்கு உரியது. காய்ச்சலோ சோர்வோ உணவு மறுப்போ இல்லாத நாயை, மூக்கில் சளி வடிந்தாலும்கூட, 10 நாள் வரை மருந்தின்றிக் கவனிக்கலாம் என்பதே சிறு பிராணிகளின் தொற்றுநோய்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2017இல் கூறிய வழிமுறை. கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்புப் பட்டை போடுங்கள். பட்டை மூச்சுக்குழாயை அழுத்தும்போதெல்லாம் இருமல் கிளம்பும். மற்ற நாய்களிடமிருந்து சில நாள் விலக்கி வையுங்கள். மூச்சு வாங்கினாலோ, சாப்பிட மறுத்தாலோ, வயதான நாயாக இருந்தாலோ காத்திருக்காமல் காட்டுங்கள். இதயநோயிலும் இருமல் வரும்.

'பாதி மாத்திரை' என்பதும் ஓர் அளவே அல்ல. நாய்க்கு எடைக் கணக்குப்படி மருந்து தர வேண்டும். 5 கிலோ பொமரேனியனுக்கும் 35 கிலோ ராட்வைலருக்கும் ஒரே பாதி எப்படிப் பொருந்தும்? குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடுகிறது. மருந்து அட்டையில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று நினைவூட்டுவதற்காக, அதன் பொருளை மக்களிடம் பரப்பும் இயக்கத்தை 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் தொடங்கியது. மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் போன்ற வலுவான ஆன்டிபயாடிக்குகள், சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச்-1 பட்டியலில் 2014 மார்ச் முதல் உள்ளன; அவற்றை விற்கும் கடைக்காரர் சீட்டு எழுதிய மருத்துவரின் பெயரையும் மருந்தின் அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. மாத்திரை டப்பாவைத் திறக்கும் பழக்கம் ஆன்டிபயாடிக்கோடு நிற்பதில்லை. காய்ச்சல் என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு, நாக்கு பழுப்பு நிறமாகி முகம் வீங்கிய நிலையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பூனைக்கு அது நஞ்சு.

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்கு உண்ணிக் காய்ச்சல், இரத்தத்தட்டுகள் 40 ஆயிரமாக இறங்கியிருந்தன. டாக்ஸிசைக்ளின் 28 நாள் எழுதினார்கள். மூன்றாம் நாளே எழுந்து ஓடத் தொடங்கிவிட்டது. மீதி 25 நாளும் கொடுக்கத்தான் வேண்டுமா? ஆன்டிபயாடிக்கைக் குறைவாகக் கொடுங்கள் என்று நீங்களே எழுதுகிறீர்கள். பக்கத்து வீட்டு நாய்க்கு இரத்தப் பரிசோதனை இல்லாமலேயே இதே மருந்தைக் கொடுத்தார்கள், அது இறந்துவிட்டது. (மதுரை வாசகர்)

பதில்: 28 நாளும் கொடுங்கள். தேவையில்லாத இடத்தில் ஒரு மாத்திரையும் வேண்டாம் என்பவர்தான், தேவையான இடத்தில் ஒரு மாத்திரையும் குறையக் கூடாது என்று சொல்ல முடியும்.

உங்கள் நாயைப் படுக்கவைத்த எர்லிக்கியா கேனிஸ் ஒரு பாக்டீரியாதான். ஆனால் வெள்ளணுக்களுக்குள்ளேயே புகுந்து குடியிருக்கும் பாக்டீரியா. டாக்ஸிசைக்ளின் செல்லுக்குள் ஊடுருவிச் சென்று அதன் பெருக்கத்தைத் தடுக்கும். மூன்று நாளில் காய்ச்சல் இறங்கி நாய் எழுந்து நிற்பது இந்த நோயில் வழக்கமாக நடப்பது. எதிரியின் ஆட்டம் அடங்கியிருக்கிறதே தவிர, அது ஒழிந்துவிடவில்லை. பாதியில் நிறுத்தினால் மண்ணீரலில் ஒளிந்திருக்கும் மிச்சம் மாதங்கள் கழித்து, மஜ்ஜையையே வற்றச் செய்யும் நாள்பட்ட நோயாகத் திரும்பக்கூடும். அப்போது காப்பாற்றுவது கடினம்.

எல்லா நோய்க்கும் இதே நீண்ட கணக்குப் பொருந்தாது. 'ஆரம்பித்த கோர்ஸை முடித்தே ஆக வேண்டும்' என்ற பழைய வாசகத்தை, அதற்கு வலுவான சான்று இல்லை என்று 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஒரு கட்டுரை கேள்விக்கு உட்படுத்தியது. அதன் பின்னர் மனித மருத்துவத்திலும் கால்நடை மருத்துவத்திலும் பல நோய்களுக்கான நாட்கள் குறைந்து வருகின்றன. எப்போதாவது வரும் சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நாய்களுக்கு முன்பு 10, 14 நாள் என்று எழுதிக்கொண்டிருந்தோம். 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் அது 3 முதல் 5 நாள். ஆகவே நாட்களை நோய் தீர்மானிக்கிறது. நிறுத்துவதா தொடர்வதா என்பதை வீட்டில் முடிவு செய்யாமல், எழுதிய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பக்கத்து வீட்டு நாயைப் பற்றி. அதைப் பார்க்காத நான் காரணம் சொல்ல முடியாது. பொதுவாக நடக்கும் ஒரு பிழையை மட்டும் சொல்கிறேன். அதே உண்ணிகள் சுமந்து வரும் பபீசியா என்ற இன்னொரு கிருமி இருக்கிறது. அது பாக்டீரியா அல்ல, சிவப்பணுக்களுக்குள் வாழும் ஒட்டுண்ணி. அதிலும் காய்ச்சல் வரும், அதிலும் தட்டுகள் குறையும், ஈறு வெளுக்கும். அதற்கு உரிய மருந்துகள் வேறு; டாக்ஸிசைக்ளினை மட்டும் நம்பிக் காத்திருந்தால் நாள்தான் வீணாகும். காது மடலின் நுனியில் ஊசியால் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் எண்ணெய் வில்லைக்குக் கீழே வைத்தால், சிவப்பணுவுக்குள் கல் வைத்த மோதிரம் போலவோ கண்ணீர்த் துளி போலவோ பபீசியா தெரியும். எல்லா நேரமும் கண்ணில் படாது. பட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் சிகிச்சையின் திசையே மாறிவிடும். டாக்ஸிசைக்ளின் தொடங்கி மூன்று நாளாகியும் முன்னேற்றமே இல்லையென்றால் 'மருந்து வலுவாக இல்லை' என்று நினைக்காமல், 'நோய் வேறாக இருக்குமோ' என்று கேட்க வேண்டும்.

இன்னொரு செய்தி உங்களுக்குப் பயன்படும். குணமான பிறகும் எர்லிக்கியாவுக்கு எதிரான எதிர்ப்பொருள் நாயின் இரத்தத்தில் மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அடுத்த ஆண்டு யாராவது அந்த எதிர்ப்பொருளைத் தேடும் பட்டைச் சோதனை செய்து 'பாசிட்டிவ்' என்றால், நாய் நன்றாக இருக்கும் பட்சத்தில் அதற்காக மட்டும் மறுபடி 28 நாள் தொடங்காதீர்கள். செலவழிக்கும் பணத்தை உண்ணி ஒழிப்பில் செலவழியுங்கள். இந்தப் பழுப்பு உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும் நாய்க்கூண்டின் மூலையிலும் இருக்கிறது. இரவில் டார்ச் அடித்துச் சுவரின் மேல்பகுதியைப் பாருங்கள், ஏறிக்கொண்டிருக்கும்.

கேள்வி: எங்கள் பக் நாய்க்கு ஒன்றரை வருடமாகச் சொறி. ஐந்து முறை செஃபலெக்சின் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் ஊசி போட்ட இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும். ஒரு மாதத்தில் திரும்பிவிடும். இப்போது கல்ச்சர் (கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை) செய்ததில் 'மெத்திசிலினுக்கு எதிர்ப்பு' என்று வந்திருக்கிறது. அறிக்கையில் லினசோலிட் என்ற மருந்து மட்டும் வேலை செய்யும் என்று போட்டிருக்கிறது. அதை எழுதிக் கேட்கலாமா? வீட்டில் 4 வயதுக் குழந்தை இருக்கிறது. நாயை யாருக்காவது கொடுத்துவிடலாமா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: நாயைக் கொடுத்துவிட வேண்டாம். லினசோலிட்டும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில், அந்த 'ஊசி'. அரிப்பு இரண்டே நாளில் நின்றது என்றால் அது ஆன்டிபயாடிக்கின் வேலையாக இருக்க வாய்ப்புக் குறைவு; கூடவே ஸ்டீராய்டு போட்டிருப்பார்கள். அரிப்பை அடக்கியது அதுதான். ஆனால் பெயர் ஆன்டிபயாடிக்குக்குப் போய்விட்டது. ஒரு மாதத்தில் ஸ்டீராய்டின் பலன் தீர்ந்ததும் அரிப்பு திரும்ப, மறுபடி அதே இரட்டை மருந்து. ஐந்து முறை நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் செஃபலெக்சினுக்கு அஞ்சாத பாக்டீரியா மட்டும் தப்பிப் பிழைத்து, தோலின் மேல் இடம் பிடித்துக்கொண்டது.

நாயின் தோலில் இயல்பாகவே குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியா, தோல் ஏதோ ஒரு காரணத்தால் பலவீனமடைந்தால்தான் தலைதூக்குகிறது. அந்தக் காரணம் ஒவ்வாமையாக இருக்கலாம், தெள்ளுப்பூச்சியாக இருக்கலாம், மயிர்க்கால்களுக்குள் வாழும் டெமோடெக்ஸ் சிற்றுண்ணியாக இருக்கலாம், பக் நாய்களில் முகச் சுருக்கத்தின் ஈரமாகவும் இருக்கலாம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நாய்க்கு மூன்று வாரம் செஃபலெக்சின் எழுதி, அது பலிக்கவில்லை என்று இன்னும் மூன்று வாரம் எழுதினேன். பிறகு ஒரு மூத்த மருத்துவர் அதன் தோலைப் பிதுக்கிப் பிளேடால் சுரண்டித் தகட்டில் வைத்துக் காட்டினார். சுருட்டு வடிவத்தில் டெமோடெக்ஸ் நெளிந்துகொண்டிருந்தது. சுரண்டிப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஆறு வாரம் அந்த நாயின் உடலுக்குள் போன மருந்துக்கு நான்தான் பொறுப்பு.

உங்கள் மருத்துவரிடம் இரண்டு எளிய சோதனைகளைக் கேளுங்கள். ஒன்று, மேலே சொன்ன சுரண்டல். மற்றது, ஒட்டும் டேப் சோதனை: கண்ணாடி போன்ற டேப்பைப் புண்ணின் விளிம்பில் நாலைந்து முறை ஒற்றி எடுத்து, நீலச் சாயத்தில் நனைத்துத் தகட்டில் ஒட்டிப் பார்ப்பார்கள். சீழ் அணுக்களுக்குள் உருண்டை உருண்டையாகப் புள்ளிகள் தெரிந்தால் பாக்டீரியாத் தொற்று உண்மை. பாதச்சுவடு போலவோ நிலக்கடலை போலவோ தெரிந்தால் அது மலசீசியா என்ற பூஞ்சை. அதற்கு எந்த ஆன்டிபயாடிக்கும் பயன்படாது. கோயம்புத்தூரைவிடக் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் இந்தப் பூஞ்சைத் தொல்லை கூடுதலாக வரும்.

மெத்திசிலினுக்கு எதிர்ப்பு என்றால் செஃபலெக்சின், அமாக்சிசிலின்-கிளாவுலானிக் எதுவும் வாய்வழியாகப் பயன்படாது என்று பொருள். ஆனால் மேற்தோல் அளவில் உள்ள சீழ்ப்புண்ணுக்கு வாய்வழி மருந்தே கட்டாயம் இல்லை. குளோர்ஹெக்சிடின் கலந்த மருத்துவ ஷாம்பூ, எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியாவின் மேலும் வேலை செய்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை குளிப்பாட்ட வேண்டும். நுரையைத் தடவிய பின் 10 நிமிடம் தோலில் ஊறவிட்டுத்தான் கழுவ வேண்டும். ஷாம்பூவால் பயனில்லை என்று சொல்கிறவர்களிடம் எத்தனை நிமிடம் வைத்திருந்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் பதில் வருவதில்லை. பக் போன்ற குட்டை முடி நாய்க்கு இது எளிது. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடமும் நாயை நக்கவிடாமல் மடியில் பிடித்திருங்கள்.

லினசோலிட் மனிதர்களின் கடும் தொற்றுகளுக்காகக் கடைசிக் கையிருப்பாக வைக்கப்பட்டிருக்கும் மருந்து. ஆய்வகம் அதைச் சோதித்து எழுதிவிட்டது என்பதற்காக அது நாய்க்கு உரியதாகிவிடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் வெளியிட்ட பட்டியலின்படி கார்பபெனம் வகைகள், வான்கோமைசின் அடங்கிய வகை, லினசோலிட் அடங்கிய வகை ஆகியவற்றை அங்கே எந்த விலங்குக்கும் கொடுக்கக் கூடாது. சட்டம் இல்லாத இடத்திலும் மனசாட்சி அதே கோட்டை வரைந்துகொள்ளலாம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ள சக மருத்துவர்களும் இருக்கிறார்கள். பக்கின் சொறிக்கு அதை எடுப்பதை மட்டும் எவரும் நியாயப்படுத்த முடியாது.

குழந்தையைப் பற்றி: இந்தப் பாக்டீரியா நாய்க்கு உரியது, மனிதருக்கு நோய் தருவது அரிது, ஆனால் நடக்காததல்ல. புண் ஆறும் வரை நாயைக் குழந்தையின் படுக்கையில் ஏற விடாதீர்கள், குழந்தையின் சிராய்ப்பை நக்க விடாதீர்கள், நாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை நடக்கவிருந்தாலோ, புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்தாலோ அவர்களின் மருத்துவரிடம் இந்த அறிக்கையைக் காட்டிவிடுங்கள். தோல் மருத்துவத்தில் கூடுதல் ஆலோசனை வேண்டுமானால் சென்னை வேப்பேரி, நாமக்கல் போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளை அணுகலாம்.

கேள்வி: எங்கள் ஆண் பூனைக்கு 4 வயது. மணல் தட்டில் உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது. போன முறை என்ரோஃப்ளாக்சசின் கொடுத்துச் சரியானது. அதே சீட்டைக் காட்டி வாங்கிக் கொடுக்கலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: இந்தக் கடிதத்துக்கு இதழ் அச்சாகும் வரை காத்திருக்காமல் தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டோம், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். முக்கியும் சிறுநீர் வராத ஆண் பூனை அவசரச் சிகிச்சைக்கு உரியது. குழாய் அடைத்துக்கொண்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். அந்த நேரத்தில் மாத்திரை வாங்கப் போவது மணியை வீணாக்குவது.

அடைப்பு இல்லை என்று உறுதியான பிறகும் ஆன்டிபயாடிக் முதலில் நினைவுக்கு வரக் கூடாது. இளம் வயது, நடுவயதுப் பூனைகளின் சிறுநீர்த் தொல்லையில் பாக்டீரியா காரணமாக இருப்பது மிகவும் குறைவு. இடம் மாறிய கவலை, புதிய பூனையின் வரவு, தண்ணீர் குறைவாகக் குடிப்பது ஆகியவற்றோடு தொடர்புடைய அழற்சிதான் அதிகம். அது சில நாளில் தானே அடங்கும் இயல்புடையது. போன முறை மருந்து கொடுத்துச் சரியானதாகத் தோன்றியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். வயதான பூனை, சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ உள்ள பூனை என்றால் கதை வேறு. அங்கே ஊசி வழியாகச் சிறுநீர் எடுத்துக் கல்ச்சர் செய்த பிறகே மருந்து. என்ரோஃப்ளாக்சசின் அளவு மீறினால் பூனையின் விழித்திரை கெட்டுப் பார்வையே போய்விடும் என்பதையும் அந்தப் பழைய சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்யும் குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். அறுவைக்குப் பின் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் தராவிட்டால் தையல் பிரிந்துவிடும் என்கிறார்கள். உண்மையா? (புதுச்சேரி வாசகி)

பதில்: தையல் பிரிவதற்கும் ஆன்டிபயாடிக்குக்கும் நேர் உறவு இல்லை. கருத்தடை என்பது சுத்தமான உறுப்பில், சிறிது நேரத்தில் முடியும் அறுவை. கருவிகளை ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலனில் வேகவைத்து, ஒவ்வொரு நாய்க்கும் புதிதாகப் பிரித்த கருவிப் பொட்டலம் வைத்து, கையுறை மாற்றிச் செய்தால் பிறகு ஐந்து நாள் மருந்துக்குத் தேவையில்லை. கொடுப்பதென்றால், தோலில் கத்தி வைப்பதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு இரத்தக்குழாய் வழியாகப் போடும் ஒற்றை ஊசிக்குத்தான் பொருள் உண்டு. வெட்டும் நேரத்தில் மருந்து திசுவில் இருக்க வேண்டும். நாலைந்து நாளில் தெருவுக்குத் திரும்பிச் சேற்றில் படுக்கப்போகும் நாய் என்பதால் நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசியை மருத்துவர்கள் போடுவதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் ஒரே வாளித் திரவத்தில் கருவிகளை அலசி அலசி எடுத்துவிட்டு, அந்தக் குறையை மருந்தால் மறைப்பதை ஏற்க முடியாது. தன்னார்வலராக நீங்கள் திரட்டும் நன்கொடையில் அடுத்து ஓர் ஆட்டோகிளேவ் வாங்குங்கள்.

கேள்வி: கோழிப்பண்ணைகளில் மூட்டை மூட்டையாக மருந்து போகிறது. அதை விட்டுவிட்டு நாய்க்குக் கொடுக்கும் நாலு மாத்திரையைப் பற்றிப் பேசுவது ஏன்? (நாமக்கல் வாசகர்)

பதில்: எடையில் நீங்கள் சொல்வதே சரி. அதனால்தான் மனிதருக்குக் கடைசி மருந்துகளில் ஒன்றான கொலிஸ்டினைப் பண்ணை விலங்குகளுக்குக் கொடுப்பதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது. இந்திய மருத்துவச் சங்கங்கள் 2012இல் சென்னையில் கூடி வெளியிட்ட பிரகடனம் முதல் இன்று வரை மருத்துவமனை, பண்ணை இரண்டையும் பற்றியே அதிகம் பேசியிருக்கிறோம். உலகில் 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக நிகழ்ந்த மரணங்கள் 12 லட்சத்து 70 ஆயிரம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் நாய் மருத்துவத்தின் பங்கு சிறியதாகவே இருக்கும். ஆனால் பண்ணைக் கோழி உங்கள் தலையணையில் தூங்குவதில்லை, பேரனின் கன்னத்தை நக்குவதில்லை. நாய் மருத்துவமனையில் அன்றாடம் போடும் செஃப்ட்ரியாக்ஸோன், பெரிய மருத்துவமனைகளில் மனிதருக்குப் போடும் அதே மருந்து.

கேள்வி: பூனைக்கு எழுதிய டாக்ஸிசைக்ளின் மாத்திரையைக் கொடுத்ததிலிருந்து விழுங்கச் சிரமப்படுகிறது. மீதமுள்ள மாத்திரைகளை என்ன செய்வது? (காரைக்குடி வாசகி)

பதில்: மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். டாக்ஸிசைக்ளின் மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகி, ஆறும்போது குழாய் சுருங்கிவிடும். பூனைக்கு அதை வறட்டு மாத்திரையாக ஒருபோதும் தரக் கூடாது. கொடுத்தவுடன் ஊசியில்லாத சிரிஞ்சில் 5 அல்லது 6 மில்லி தண்ணீரை வாயின் ஓரமாக மெதுவாகச் செலுத்த வேண்டும், அல்லது உடனே ஈர உணவு தர வேண்டும்.

மிஞ்சிய மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டாதீர்கள், குப்பைமேட்டில் மாடு மேயும் இடத்தில் வீசாதீர்கள், 'அடுத்த முறைக்கு' என்று அலமாரியிலும் வைக்காதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள். அங்கே மருத்துவக் கழிவை அகற்றும் ஏற்பாடு இருக்கும். அடுத்த முறை கடையில் முழு அட்டையைத் தள்ளினாலும், சீட்டில் உள்ள எண்ணிக்கையை மட்டும் வெட்டித் தரச் சொல்லி, காலாவதித் தேதி உள்ள பக்கமாகப் பார்த்து வாங்குங்கள்.